ஆலய வேம்பும் அடியார்தம் கடமையும்

ஆலயம் என்றதும் நம் கண்முன் தோன்றுவன கோபுரமும் கொடிமரமும் கருவறையும் ஆகும். அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க இன்னொன்று, வளாகத்தில் நின்று வருவோர்க்கெல்லாம் நிழல் தரும் மரம். மதுரைக்குக் கடம்பு, காஞ்சி ஏகாம்பரநாதருக்கு மா, சிதம்பரத்துக்குத் தில்லை, திருவானைக்காவுக்கு வெண்ணாவல், வைத்தீசுவரன் கோயிலுக்கு வேம்பு எனத் தலந்தோறும் ஒரு மரத்தைப் போற்றி வந்த மரபு நம்முடையது. ரப்பர்த் தோட்டங்களில் உழைக்க இந்நாட்டுக்கு வந்த நம் முன்னோரும் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பிய இடங்களில் வேம்பை நட்டுப் பேணினர். இன்று நம் ஆலயங்கள் பலவற்றில் மூத்த அடியாராக நிற்பது அந்த வேப்பமரமே.

அந்த மூத்த அடியார் இப்பொழுது பல இடங்களில் நலமாக இல்லை. கிளை நுனிகள் காய்ந்து, இலை சிறுத்து, அடிமரத்தில் பட்டை உரிந்து நிற்கும் வேம்புகளை நான் செல்லும் ஆலயங்களில் அடிக்கடி காண்கிறேன். "தண்ணீர் போதவில்லை போலும்" என்று சொல்லி அன்பர்கள் மேலும் ஒரு வாளி ஊற்றுகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. இந்நாட்டில் ஆலய வேம்பு பெரும்பாலும் தாகத்தால் சாவதில்லை. நீர் மிகுந்தும், வேருக்குக் காற்று கிடைக்காமலுமே அது பட்டுப்போகிறது. இதை அன்பர்களும் உபயகாரர்களும் அறிந்துகொண்டால் நம் வேம்புகள் இன்னும் பல தலைமுறைக்கு நிழல் தரும் என்ற நம்பிக்கையில் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

வறண்ட நிலத்தின் பிள்ளை

வேம்பின் தாவரவியல் பெயர் அசாடிராக்டா இண்டிகா. மலாய் மொழியில் செமம்பு என்றும் மம்பு என்றும் வழங்குவர். ஆண்டுக்கு 400 முதல் 1,200 மில்லிமீட்டர் மழை பெய்யும் நிலமே அதற்கு உகந்தது. ஆழமாக இறங்கும் ஆணிவேரும், பக்கவாட்டில் வெகுதூரம் பரவும் கிளைவேர்களும் இருப்பதால், மற்ற மரங்கள் வாடி நிற்கும் கோடையிலும் அது பசுமையாக நிற்கிறது. கல்லும் மணலும் கலந்த ஏழை மண்ணிலும் வளரும்.

அதன் வறட்சி தாங்கும் ஆற்றலுக்கு ஓர் எடுத்துக்காட்டு கூறுவேன். ஹஜ் யாத்திரிகர்கள் கூடும் மெக்காவுக்கு அருகில் உள்ள அரஃபாத் சமவெளியில், நிழலுக்காக ஏறத்தாழ 50,000 வேப்பமரங்கள் நடப்பட்டன. கொதிக்கும் பாலைவெயிலில் இலட்சக்கணக்கான யாத்திரிகர்களுக்கு நிழல் தரத் தேர்ந்தெடுக்கப்பட்ட மரம் நம் வேம்பு என்பது நமக்கும் பெருமையே. மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் 1970-களில் தொடங்கி, மணற்காற்றிலிருந்து வயல்களைக் காக்க வேம்புகளை வரிசை வரிசையாக நட்டார்கள்.

இத்தகைய மரத்தைத்தான் நாம் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் நாட்டில் வைத்து வளர்க்கிறோம். தைப்பிங் போன்ற இடங்களில் மழை இதனினும் மிக அதிகம். ஆண்டுத் தொடக்கத்தில் சில வாரங்கள் மழை குறைந்திருக்கும் பெர்லிஸ், கெடா பக்கங்களில் வேம்பு ஓரளவு தன் இயல்போடு இருக்கிறது. மற்ற இடங்களில் அதற்கு நாம் செய்ய வேண்டிய முதல் உதவி, வேரடியில் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்வதுதான்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் சொல்வதுண்டு: வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு இடையே உள்ள சிறு துளைகளில் இருக்கும் காற்றிலிருந்தே அது உயிர்வளியை எடுத்துக்கொள்கிறது. அந்தத் துளைகள் நாள்கணக்கில் நீரால் நிரம்பியிருந்தால் வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஆகவே நீரில் நிற்கும் மரமே நீரின்றி வாடுவது போல் வாடும். இதைக் கண்டு மேலும் நீர் ஊற்றுவது நோயை வளர்ப்பதாகும்.

இலையுதிர்வா, நோயா?

வேம்பு தன் தாயகத்தில் மாசி, பங்குனியில் பழைய இலைகளை உதிர்த்துவிட்டு, செம்பு நிறத்தில் புதுத் தளிர் விடும். மிகவும் வறண்ட இடங்களில் சில நாள்கள் மொட்டையாகவே நிற்கும். எப்போதும் ஈரம் உள்ள இடத்தில் இந்த மாற்றம் அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. பாதி இலை பழுத்து விழும்போதே மறுபாதியில் தளிர் வந்துவிடும்.

ஆகவே வறண்ட சில வாரங்களுக்குப் பின் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்து, கிளை நுனிகளில் செந்தளிர் அரும்பினால் அஞ்ச வேண்டியதில்லை. மரம் உடை மாற்றிக்கொள்கிறது என்று கொள்க. அந்த நேரத்தில் உரத்தைக் கொட்டுவதும் நீரை ஊற்றுவதும் வேண்டா. குப்பை விழுகிறது என்று கிளைகளைத் தறிப்பதும் வேண்டா. மாறாக, தளிர் வராமல் கிளைகள் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து வந்தாலும், அடிமரத்தில் தட்டு வடிவக் காளான் முளைத்தாலும், பட்டை மெத்தென்று அமுங்கினாலும் அது வேர் நோயின் அறிகுறி. அப்பொழுது மரம் பற்றி முறையாகக் கற்றவரை அழைத்துக் காட்ட வேண்டும். வேர் அழுகிய பெரிய மரம் புயல் காற்றில் சாய்ந்தால் உயிருக்கே ஆபத்து.

விதையும் கன்றும்

புதிதாக வேம்பு வைக்க விரும்பும் ஆலயங்கள் முதலில் சரியான கன்றைத் தேர வேண்டும். இந்நாட்டுக் காடுகளில் இயற்கையாக வளரும் செந்தாங் என்ற மரம் வேம்பின் நெருங்கிய உறவு. வெட்டுமரத்துக்காக அது தோட்டமாகவும் பயிரிடப்படுகிறது. கன்றாக இருக்கையில் இரண்டும் பார்வைக்கு ஒத்திருக்கும். சிற்றிலையின் ஓரத்தை உற்றுப் பாருங்கள். வேம்பின் ஓரம் அரம்போல் பல் பல்லாக இருக்கும், இலை அரிவாள்போல் சற்றே வளைந்திருக்கும். செந்தாங்கின் இலை பெரியது, ஓரத்தில் பல் இராது.

விதையிலிருந்து வளர்ப்பதாயின் காலம் தாழ்த்தக்கூடாது. வேப்பவித்து சில வாரங்களில் முளைக்கும் திறனை இழந்துவிடும். மஞ்சளாகப் பழுத்த பழத்தைப் பறித்து, சதையைக் கழுவி நீக்கி, நிழலில் ஓரிரு நாள் உலர்த்தி, இரண்டு வாரத்துக்குள் ஊன்றிவிட வேண்டும். விரற்கடை ஆழம் போதும். ஒன்று முதல் மூன்று வாரத்தில் முளைக்கும். மணல் கலந்த மண் நிரப்பிய, அடியில் துளையுள்ள பையில் வளர்த்து, கன்று ஒன்றரை அடி உயரம் வந்ததும் நிலத்தில் நடலாம்.

தமிழ்நாட்டுத் தலயாத்திரை சென்று திரும்பும் அன்பர்கள் சிலர், அங்குள்ள கோயில் வேம்பின் கன்றைக் கொண்டுவர ஆசைப்படுகிறார்கள். செடி, விதை எதுவாயினும் அனுமதிப் பத்திரமின்றி மலேசியாவுக்குள் கொண்டுவருவது 1976-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டத்துக்குப் புறம்பானது. புதிய பூச்சியும் நோயும் நுழைவதைத் தடுக்கவே இந்த விதி. உள்ளூரில் நல்ல வேம்புகள் இருக்கும்போது அந்த வீண் தொல்லை நமக்கு எதற்கு?

இடம் தேர்தலும் நடுதலும்

வேம்பு 15 முதல் 20 மீட்டர் வரை உயரும், குடைபோல் அகலமாகப் படரும். எனவே கோபுரம், மதில், வடிகால், கழிவுநீர்த் தொட்டி, மின்கம்பி ஆகியவற்றிலிருந்து குறைந்தது 25 அடி தள்ளி நடுவது நல்லது. நாள் முழுதும் வெயில் படும் இடமாக இருக்க வேண்டும். பெரிய மரத்தின் நிழலில் வேம்பு வளம் பெறாது.

இடத்தைத் தேர்ந்தபின் எளிய சோதனை ஒன்று செய்யலாம். இரண்டடி ஆழத்துக்குக் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். மறுநாளும் நீர் வற்றாமல் நின்றால் அந்த மண் வேம்புக்கு ஆகாது. வேறிடம் இல்லையெனில், ஒன்றரை அடி உயரத்துக்கு அகலமான மண்மேடு அமைத்து அதன்மேல் நடலாம். களிமண்ணில் ஆழமாகக் குழி தோண்டி நல்ல மண்ணை இட்டு நிரப்பினால் அது கிணறுபோல் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆழத்தைவிட அகலமே முக்கியம்.

பையில் இருந்த மண்மட்டமும் நிலமட்டமும் ஒன்றாக இருக்கும்படி நட வேண்டும். தண்டைச் சுற்றி மண் ஏறக்கூடாது. காய்ந்த இலைகளை இரண்டு மூன்று அங்குலம் மூடாக்காக இடலாம். ஆனால் தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டு இடுக. மழை இல்லாவிட்டால் முதல் மூன்று மாதம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நீர் விடுக. ஓராண்டு கடந்தபின், நீண்ட வறட்சி வந்தால் தவிர நீர் தேவையில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மக்கிய எரு போதும். தாங்குகோல் நட்டால் கயிற்றைத் தளர்வாகக் கட்டி, ஓராண்டில் அவிழ்த்துவிட வேண்டும்.

கிளை கழிப்பதில் நிதானம் வேண்டும். ஆள் நடமாட ஏதுவாகக் கீழ்க்கிளைகளை ஆண்டுக்குச் சில என மெல்ல மெல்ல நீக்கலாம். ஒரே சமயத்தில் கால் பங்குக்கு மேல் வெட்டக்கூடாது. உச்சியை மொட்டையடிப்பது தவறு. அங்கிருந்து கொத்தாகக் கிளம்பும் புதுக்கிளைகள் மரத்தோடு உறுதியாக ஒட்டாமல் பின்னாளில் காற்றில் முறிந்து விழும்.

அன்பினால் நேரும் கேடுகள்

நட்டு வளர்த்த மரத்துக்குப் பெருந்தீங்கு வருவது பெரும்பாலும் பக்தியின் பெயரால்தான். இதைச் சொல்வதால் யாரும் மனம் வருந்த வேண்டா. அன்பு குறைய வேண்டும் என்று நான் கூறவில்லை. அது மரத்துக்கு உதவும் வழியில் செல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

முதலாவது, சிமெண்டு மேடை. மரத்தைச் சுற்றிச் செங்கல் அடுக்கி, உள்ளே மண் நிரப்பி, மேலே பளிங்குக் கல் பதித்தால் பார்வைக்கு அழகுதான். ஆனால் அடிமரம் வேராக விரியும் பகுதி காற்றுப்பட வேண்டிய பகுதி. அதை மண்ணில் புதைத்தால் பட்டை அழுகும். வேரின்மேல் சிமெண்டு பூசினால் காற்றும் மழைநீரும் மண்ணுக்குள் சீராகப் புக முடியாது. அடிமரத்தைச் சுற்றிக் குறைந்தது ஆறடிக்கு வெறும் மண் இருக்கட்டும். அடியார்கள் வலம்வர வேண்டுமானால் அதற்கு அப்பால் கற்களை இடைவெளி விட்டுப் பதிக்கலாம். நாகர் சிலையையும் அடிமரத்தோடு ஒட்டாமல் தள்ளிப் பிரதிட்டை செய்யலாம். ஏற்கெனவே மேடை இருந்தால், வேர் அறுபடாமல் சிறிது சிறிதாகக் கையால் உடைத்து எடுக்க வேண்டும்.

இரண்டாவது, விளக்கு. பட்டைக்கு அடியில் மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று இருக்கிறது. இலையில் ஆக்கிய உணவு வேருக்கு இறங்குவதும், மரம் பருப்பதும் அந்தப் பகுதியால்தான். அடிமரத்து இடுக்கில் எண்ணெய் விளக்கேற்றினால் அவ்விடம் கருகி இறக்கும். அந்தப் புண் வழியே காளானும் கறையானும் புகும். விளக்குக்கென்று நான்கடி தள்ளி ஒரு மாடம் அமைப்பது நன்று.

மூன்றாவது, பாலும் மஞ்சள்நீரும். ஒரு சொம்பு நீர் ஊற்றி வழிபடுவதால் கேடில்லை. விழா நாளில் நூற்றுக்கணக்கானோர் குடம் குடமாகப் பாலும் இளநீரும் ஊற்றினால் மண் புளித்து நாறும், எறும்பும் ஈயும் மொய்க்கும். அபிடேகத்தை அம்மனுக்குச் செய்து, மரத்துக்கு ஒரு துளி தெளித்தால் அம்மன் குறை சொல்லப் போவதில்லை.

நான்காவது, ஆணியும் கம்பியும். விழாவுக்கு மின்விளக்குக் கட்டிய கம்பியை அவிழ்க்காமல் விட்டால், மரம் பருக்கப் பருக்கக் கம்பி பட்டையை நெரித்துக் கழுத்தை இறுக்கும். வேண்டுதலுக்காகக் கட்டிய மஞ்சள் கயிறும் சிவப்புத் துணியும் அப்படியே. விழா முடிந்த மறுவாரம் அவற்றை மரியாதையோடு அவிழ்த்துவிடுவதை ஆலயம் ஒரு வழக்கமாகக் கொள்ளலாம்.

ஐந்தாவது, புல் வெட்டும் இயந்திரம். சுழலும் நைலான் கயிறு அடிப்பட்டையில் மீண்டும் மீண்டும் படும்போது இளமரம் பட்டை வளையமாக அறுபட்டுச் சாகும். மரத்தடியில் புல்லைக் கையால் பிடுங்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. மரத்தடியில் விட்டுச்செல்லும் அகல்விளக்கு, தேங்காய் ஓடு, நெகிழிக் கிண்ணம் ஆகியவற்றில் தேங்கும் மழைநீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். வேம்பு இருக்கும் இடத்தில் கொசு வராது என்று எண்ணிவிடக் கூடாது. டிங்கிக் காய்ச்சல் பரவ ஆலயம் காரணமாகலாமா? வாரம் ஒருமுறை அவ்விடத்தைத் துப்புரவு செய்வதும் ஒரு தொண்டே.

ஆடித் திருவிழாவும் வேப்பிலையும்

ஆடி மாதத்தில் கரகம், தோரணம், மஞ்சள்நீர் எல்லாவற்றுக்கும் வேப்பிலை வேண்டும். இலை மரத்தின் அடுப்பங்கரை. உணவு ஆக்கப்படுவது அங்கேதான். ஒரே மரத்தை ஆண்டுதோறும் மொட்டையாக உருவினால், சேமித்து வைத்த உணவையெல்லாம் செலவழித்து அது மீண்டும் தளிர்க்க வேண்டியிருக்கும். இப்படிச் சில ஆண்டு நடந்தால் மரம் மெலியும். மெலிந்த மரத்தை நோய் எளிதில் பற்றும்.

இதற்கு வழி உண்டு. ஐந்து வயதுக்குக் குறைந்த மரத்தில் இலை பறிக்காதீர்கள். பெரிய மரத்தில் கத்தரி கொண்டு சிறு கொத்துகளாக, மரம் முழுதும் பரவலாக எடுங்கள். கிளையை ஒடித்து இழுத்தால் பட்டை கிழியும். திருவிழாத் தேவைக்கென்றே அடியார்கள் தம் வீட்டுப் பின்புறத்திலும், இடமுள்ள ஆலயங்கள் வேலியோரத்திலும் சில வேம்புகளை வளர்க்கலாம். தல மரத்தின் சுமை அதனால் குறையும்.

வேப்பெண்ணெய் பற்றி ஓர் எச்சரிக்கை

வேம்பின் குணங்களை உலகம் அறியும். 1959-ஆம் ஆண்டு சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் மற்றப் பயிர்களையெல்லாம் தின்று தீர்த்தபோது வேம்பை மட்டும் தீண்டாமல் விட்டதை ஹைன்ரிக் ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியப் பூச்சியியல் அறிஞர் கண்டார். அதன்பின் வேப்பங்கொட்டையில் உள்ள அசாடிராக்டின் என்ற பொருள் உலகெங்கும் ஆராயப்பட்டது. பூச்சியை விரட்டும் இந்த மரத்தை மக்கள் மருந்தாகவும் நம்புவது இயல்பே.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெயை உள்ளுக்குப் புகட்டும் வழக்கம் நம் குடும்பங்களில் இருந்தது. அவ்வாறு கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு வாந்தி, வலிப்பு, மயக்கம் ஏற்பட்டு, மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டதை மலேசிய மருத்துவர்கள் 1981-ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ ஏட்டில் எழுதி எச்சரித்தனர். ஆலய வேம்பின் கொட்டையில் ஆட்டிய எண்ணெய் என்றாலும் குழந்தையின் வாயில் விடாதீர்கள். புனிதமானது என்பதால் நஞ்சாகாது என்று கொள்வதற்கில்லை.

வெட்டுமுன் ஒரு வார்த்தை

திருப்பணி நடக்கும்போது, "மரம் இடையூறாக இருக்கிறது, எடுத்துவிடலாம்" என்ற பேச்சு எழுவதுண்டு. தீபகற்ப மலேசியாவில் 1976-ஆம் ஆண்டின் நகர், நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டப்படி, சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை உள்ளூர் மன்றத்தின் அனுமதியின்றி வெட்டக்கூடாது. பட்டுப்போன மரத்துக்கும், உடனடி ஆபத்து விளைவிக்கும் மரத்துக்கும் விதிவிலக்கு உண்டு. எனவே கட்டட வரைபடம் தயாரிக்கும் நாளிலேயே மரம் எங்கே நிற்கிறது, அதன் வேர் எவ்வளவு தூரம் போகிறது என்பதையும் அதில் குறிக்கச் சொல்ல வேண்டும். கட்டட வேலையின்போது மரத்தடியில் மணலும் கல்லும் கொட்டுவதும், லோரியை நிறுத்துவதும் மண்ணை இறுக்கி வேரைக் கொல்லும். கிளையின் நிழல் விழும் எல்லை வரை வேலி கட்டிவிட்டு வேலையைத் தொடங்குவதே அறிவுடைமை.

உபயகாரர்களுக்கு விண்ணப்பம்

நம் உபயகாரர்கள் தாராள மனம் படைத்தவர்கள். கோபுர வண்ணத்துக்கும் அன்னதானத்துக்கும் அள்ளிக் கொடுக்கிறார்கள். மரத்துக்கு உபயம் என்றால் மேடையும் பளிங்கும் பெயர்ப்பலகையும்தான் நினைவுக்கு வருகின்றன. இனிமேல் வேறு வகை உபயங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். மரத்தடிச் சிமெண்டை அகற்றும் செலவு ஓர் உபயம். நீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டுவது ஓர் உபயம். ஈராண்டுக்கு ஒருமுறை மர வல்லுநரைக் கொண்டு சோதித்துக் காய்ந்த கிளைகளை நீக்குவது ஓர் உபயம். விளக்கு மாடம் கட்டுவது, புதுக்கன்று வைத்து ஓராண்டு பேணுவது, இவையும் உபயங்களே. இவற்றில் பெயர் பொறிக்க இடம் இல்லாமல் போகலாம். நிழலில் அமர்வோர் வாழ்த்துவார்கள்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். பால்குடம் சுமந்து வெறுங்காலோடு வரும் தாய்மாரும், பந்திக்குக் காத்திருக்கும் முதியவர்களும், ஓடியாடும் பிள்ளைகளும் அந்த அருமையை ஒவ்வொரு திருவிழாவிலும் அறிகிறார்கள். அன்பர்கள் அடுத்த முறை ஆலயத்துக்கு வரும்போது அம்மனை வணங்கியபின் வேம்படிக்குச் சென்று, அடிமரத்தைச் சுற்றி மண் தெரிகிறதா, நீர் தேங்கி நிற்கிறதா, கம்பி எதுவும் இறுக்கியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். குறை ஏதும் கண்டால் அன்றே ஆலயச் செயலவையினரிடம் தெரிவியுங்கள்.

அன்னை மாரியின் அருளால் ஆலயமும் அதன் மரமும் அடியார்களும் நலம் பெற்று வாழ்க!